சுவருக்கு அந்தப் பக்கத்துக் கேமரா

பெர்னதெத் கணக்கு டீச்சர். ஆஸ்டின் டவுன் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் வெகுகாலம் பாடம் நடத்தினாள். கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளியை மூடிவிட்டார்கள். அதற்கடுத்த வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு எப்போதோ வந்து, எப்போதோ நின்றுபோயிருந்தது. அண்ணன் கிளெமென்ட் ஆஸ்திரேலியாவில் இருந்தான். நீலசந்திராவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் கட்டிடங்களில் ஒன்றின் முதல் மாடியில் இரண்டு அறை வீடு. அதில் அவள் மட்டும்.

வேலை போனதும் ஆன்லைனில் டியூஷன் எடுக்கத் தொடங்கினாள். மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள். டேப்லெட்டில் எழுதி எழுதிக் கணக்குப் போட்டுக் காட்டுவாள். சாயங்காலம் தொடங்கினால் விளக்கு வைத்த பிறகும் நடக்கும். காலையில் பால்காரரிடம் ஒரு வார்த்தை, காய்கறி வண்டிக்காரரிடம் இரண்டு வார்த்தை. அதற்கப்புறம் "குட் ஈவினிங் மிஸ்" என்று முதல் பிள்ளை திரையில் வரும்வரை அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. பேசாமலே கிடந்த தொண்டை சில நாள் கரகரக்கும். அதனால் வகுப்புக்கு முன்னால் தண்ணீர் குடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

தீபாவளி முடிந்த கையோடு வைஃபை தகராறு செய்ய ஆரம்பித்தது. பாடம் நடக்கும்போதே பிள்ளைகளின் முகங்கள் உறைந்து நிற்கும். ஒருவன் வாய் திறந்தபடி, ஒருத்தி கண் பாதி மூடியபடி.

"மிஸ், உங்க வாய் மட்டும் அசையுது. ஒண்ணும் கேக்கல" என்றாள் அதிதி. மஸ்கட்டில் பத்தாம் வகுப்பு படிப்பவள்.

"இப்ப கேக்குதாம்மா?"

அதற்குள் திரையே போய்விட்டது. பெர்னதெத் இருண்ட திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி இணைப்பு வந்தபோது பாதிப் பிள்ளைகள் கிளம்பியிருந்தார்கள்.

புகார் செய்தாள். இணைப்புக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். "ஏனூ ப்ராப்ளம் இல்ல மேடம். நம்ம லைன் சரியா இதே. ரூட்டரை பீரோ பின்னாடி வெச்சிருக்கீங்க பாருங்க, இரும்பு எல்லாத்தையும் தடுக்கும். மேல தூக்கி வைங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் பீரோ அது. ரூட்டரை எடுத்து நடு அறையில், சுவரில் உயரமாக ஆணியடித்து மாட்டினாள். கொஞ்சம் தேவலை. ஆனால் சாயங்காலமானால் பழைய கதைதான்.

பிறகு அவளே தேடித் தேடிப் படித்தாள். நெருக்கமான இடங்களில் எல்லோர் வீட்டு வைஃபையும் ஒரே சேனலில் மோதிக்கொள்ளும் என்று தெரிந்துகொண்டாள். அதைக் காட்டுகிற ஆப் ஒன்றைப் போனில் இறக்கினாள். திறந்ததும் சுற்றுவட்டாரத்து வீடுகளின் பெயரெல்லாம் வரிசையாக வந்தது. ஸ்ரீஹர்ஷா ஹோம், ஸ்னேஹா ஃபர்ஸ்ட் ஃப்ளோர், கேக்காதீங்க தரமாட்டேன், ஓஸ்வால்ட் ஃபேமிலி. இத்தனை பேர் தன்னைச் சுற்றி இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. அவர்களில் ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் சேனலை மறந்து பெயர்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள்.

நெரிசல் இல்லாத சேனலுக்கு மாற்றினாள். வேலைக்கு ஆகவில்லை. இரண்டு அலைவரிசை உள்ள புது ரூட்டர் வாங்கினாள். வேகமான அலைவரிசையை அவளுடைய பழைய டேப்லெட் பிடிக்கவே இல்லை. அம்மா காலத்துக் கார்ட்லெஸ் போனைக் கழற்றி வைத்தாள். அதனாலும் பலனில்லை.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்காமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மட்டும் தடங்கலே இல்லாமல் போனது. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும் ஏதோ ஒன்றுதான் கெடுக்கிறது. ஒரு நாள் மத்தியானம் டேப்லெட்டில் வீடியோ ஒன்றை ஓடவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். சமையலறையில் ஓரளவு ஓடியது. படுக்கை அறையில், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவருக்குக் கிட்டே போனதும் அப்படியே நின்றது.

அன்றிலிருந்து சமையலறையில் அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வகுப்பெடுத்தாள்.

"மிஸ், பின்னாடி குக்கர் தெரியுது" என்று துபாய் ரித்விக் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அங்கேயும் படம் நின்று நின்றுதான் வந்தது. இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் வேறு டீச்சர் பார்த்துவிட்டதாக மெசேஜ் போட்டார்கள்.

மறுநாள் காலை அவள் கீழே இறங்கிப் போனாள். பக்கத்துக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் ராஜேந்திரனின் தையல்கடை. மேலே, அவள் படுக்கை அறைச் சுவருக்கு அந்தப் பக்கம், அவர் வீடு. அங்கே குடியிருக்கிறார் என்பதைத் தவிர அவளுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. போனால் எப்படி ஆரம்பிப்பது என்று படியில் நின்று யோசித்துவிட்டுத்தான் போனாள்.

"வாங்க டீச்சரம்மா" என்றார் அவர். தான் டீச்சர் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல மேல ஏதாவது மெஷின் ஓடுதா? என் வைஃபை..."

பாதியில் நிறுத்தினாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டுகளுக்கு நடுவில் ஒரு குட்டித் திரை இருந்தது. அதில் ஒரு பெண் கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"என் சம்சாரம், சின்னத்தாயி" என்றார் ராஜேந்திரன். "தீபாவளிக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. பையன் ஓசூர்ல வேலை. கடையை மூடவும் முடியல. அதான் எஸ்.பி. ரோட்ல இந்த ஒயர் இல்லாத கேமரா வாங்கிட்டு வந்தேன். இங்கிருந்தே பாத்துக்கலாம்ல. ஞாயித்துக்கிழமை கடை லீவு, அன்னிக்கு மட்டும் அணைச்சு வெச்சிடுவேன்." திரையைத் துணியால் துடைத்தார். "ஆனா சாயங்காலமானா கோடு கோடா வருதும்மா. எவன் வீட்ல என்னத்தப் போடறானோன்னு தினம் திட்டிட்டிருக்கேன்."

பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்தது. "அது நான்தான் அண்ணா."

விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒருவர் மேல் ஒருவர் கத்திக்கொண்டிருந்ததைப் போலத்தான் அது. அந்தக் கேமரா வைஃபையில் ஓடாததால் அவளுடைய ஆப்பில் அதன் பெயர் வரவில்லை. ஆனால் அதே காற்றில்தான் விடாமல் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது.

"மேல வந்து பாருங்க. வேற சுவர்ல மாட்டினா சரியாகுமான்னு பாப்போம்" என்று அழைத்துப் போனார்.

மேலே அறை சுத்தமாக இருந்தது. தண்ணீர் பாட்டில், மாத்திரை, ஒரு சின்னக் கை மணி. கேமரா அலமாரி மேல் உட்கார்ந்து கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது. ராஜேந்திரன் கேமராவைக் கழற்றப் போகும் நேரம், கீழே யாரோ ரவிக்கை கேட்டு வந்து கூப்பிட்டார்கள். "இதோ வந்துட்டேன்" என்று இறங்கிப் போனார்.

பெர்னதெத் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "அக்கா, நான் பக்கத்து வீடு."

சின்னத்தாயி மெல்லத் திரும்பினாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் தெளிவாக இருந்தது. இடது கையால் அலமாரியைக் காட்டி, வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"அத... எடுத்துடு."

"கேமராவையா? ஏன் அக்கா?"

"முன்ன... அடிக்கடி வருவார். தண்ணி குடுப்பார். திட்டுவார்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அது வந்தப்புறம்... வரதில்ல. அங்கயே... பாத்துக்கறார்."

பெர்னதெத் கிட்டே நகர்ந்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மனிதரின் கையைப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பு வந்தது. அதை உடனே தள்ளிவிட்டாள். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் சின்னத்தாயி மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் சொன்னதை ராஜேந்திரனிடம் அப்படியே சொல்ல பெர்னதெத்துக்கு மனம் வரவில்லை. கெட்டது நினைத்துச் செய்த காரியமா அது? கேமராவை எதிர்ச் சுவருக்கு மாற்றிப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

"அண்ணா, ஒரு உதவி. பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. சாயங்காலம் முதல் வகுப்பு நடக்கற நேரம் மட்டும் இதை அணைச்சு வைக்க முடியுமா?"

"அந்த நேரம் இவளை யாரு பாக்கறது?"

"நீங்கதான். மேல வந்து அக்காகூட உக்காருங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "கஸ்டமர் வர்ற நேரமாச்சே அது."

"ஷட்டரைப் பாதி இறக்கிட்டு வாங்க. ஒரு மணி நேரந்தானே. எனக்காகன்னு நினைச்சுக்கோங்க."

அவர் கட்டிலைப் பார்த்தார். பிறகு, "பிள்ளைங்க படிப்புன்னு சொல்றீங்க. சரி, பண்றேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவள் படுக்கை அறையிலேயே உட்கார்ந்து வகுப்பைத் தொடங்கினாள். முகங்கள் உறையவில்லை. அதிதி கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் போய்ச் சேர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ராஜேந்திரனின் குரல் கேட்டது. முதல் நாள் தயங்கித் தயங்கி ஒன்றிரண்டு வார்த்தைதான். அந்த வாரக் கடைசியில் எந்தக் கஸ்டமர் ரவிக்கைக்கு என்ன குறை சொன்னாள் என்று நடித்தே காட்டிக்கொண்டிருந்தார் போலிருந்தது. சின்னத்தாயி சிரித்தாள். கோணிய வாயிலிருந்து வந்த கட்டைச் சிரிப்பு. பெர்னதெத் எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது.

"மிஸ், மறுபடி ஹேங் ஆயிடுச்சா?" என்றான் ரித்விக்.

"இல்லப்பா. நான்தான் நின்னுட்டேன். அடுத்த ஸ்டெப் சொல்லு."

வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரையிலிருந்து மறைந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நிற்கவில்லை. சொன்ன நேரம் தாண்டியும் ராஜேந்திரன் கீழே போகவில்லை. சில நாள் அவள் காரணமில்லாமல் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது காதில் விழாது. பேசுகிறார்கள் என்பது மட்டும் விழும். பிறகு எழுந்து போய்ச் சமையலறை விளக்கைப் போடுவாள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் இரண்டு ஆட்கள் தையல் மெஷினைப் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜேந்திரன் பின்னாலேயே போய்க்கொண்டு, "பாத்து, பாத்து" என்று கத்தினார். கடையை விட்டுவிட்டாராம். இனிமேல் வீட்டிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் தைப்பாராம். வாடிக்கையாளர்கள் மாடி ஏறித்தான் வர வேண்டும்.

"கேமராவைக் கழட்டிட்டேன் டீச்சரம்மா. இனிமே உங்களுக்குத் தொந்தரவே கிடையாது" என்று அவளிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்றாள்.

தொந்தரவு நிஜமாகவே இல்லை. காலை முதல் ராத்திரி வரை சிக்னல் குறையவில்லை. பரீட்சை நன்றாக முடிந்தது. அதிதி நல்ல மார்க் வாங்கினாள். அடுத்த வருடம் மஸ்கட்டிலேயே கோச்சிங் சென்டரில் சேர்வதாகச் சொல்லி, கை காட்டிவிட்டுத் திரையிலிருந்து போனாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட பெர்னதெத்துக்கு இப்போது எந்தக் காரணமும் இல்லை. அவர்களுக்கும் அவளைத் தேடி வர வேலை ஏதும் இல்லை. படியில் பார்த்தால் ராஜேந்திரன் நலம் விசாரிப்பார். சுவர் வழியாக மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். நடுவில் சின்னத்தாயி எதையோ திருத்துகிற குரல் கேட்கும். வார்த்தைகள் முன்னைவிட வேகமாக வந்தன.

ஈஸ்டர் கழிந்த வாரம் அவள் பஸ் ஏறிச் சிவாஜிநகர் போனாள். மூன்று ரவிக்கைத் துணி வாங்கினாள். அவளிடம் ரவிக்கைக்குப் பஞ்சமில்லை. திரும்பி வந்து முகம் கழுவி, பக்கத்துக் கட்டிடத்தின் மாடி ஏறினாள்.

கதவு திறந்தே இருந்தது. சின்னத்தாயி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் பட்டன் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும், "வா" என்றாள். ஒரே வார்த்தை, தெளிவாக.

ராஜேந்திரன் துணிகளைப் பிரித்துப் பார்த்தார். "நல்ல துணிம்மா. மூணும் எப்ப வேணும்? அடுத்த வாரம் சேத்தே குடுத்துடட்டுமா?"

"அவசரமே இல்ல அண்ணா" என்றாள் பெர்னதெத். "ஒண்ணு ஒண்ணா தைங்க. ஒவ்வொண்ணுக்கும் நானே வந்து வாங்கிக்கறேன்."

சின்னத்தாயி கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டாள்.