டெய்லர் ஓடுவார் என்று சொன்ன வாய்

பெல்ட்டக்கா டெய்லரின் இடுப்பில் பட்டையைச் சுற்றி இறுக்கினாள். சட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். பக்கவாதம் வந்து எழுந்தவர்களை இப்படிப் பிடித்து நடத்துவதுதான் பதினேழு வருடமாக அவள் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். பஸ் ஸ்டாப் சாலைக்கு இந்தப் பக்கம், சிகிச்சை நிலையம் அந்தப் பக்கம்.

"நான் தைச்ச பேன்ட்கூட இவ்வளவு டைட் இல்லம்மா."

"நீங்க தைச்சது எப்பவுமே லூஸ்தானாம், ஊரே சொல்லுது. காலைப் பாத்து வைங்க."

சாலையைக் கடக்கப் பச்சை விளக்கு இருபத்திரண்டு விநாடி எரியும். டெய்லருக்கு முப்பத்தொன்று வேண்டும். நடுத்திட்டு வரைக்கும் என்றால் பதினைந்து போதும். மிச்சமுள்ள விநாடி விளக்கில் எண்ணாக ஓடினால், பதினைந்துக்குக் கீழே இறங்கியபின் கிளம்பாமல் நின்றுவிடலாம். எண் இல்லாததால் போன மழைக்காலத்தில் இருவரும் வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஒரு வேன் டெய்லரின் கைத்தடியைத் தட்டிவிட்டுப் போயிற்று. இன்னும் ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் கைத்தடியோடு போயிருக்காது.

அவள் தம்பி சிக்னல் பிரிவில் இன்ஜினியர். அம்மா வேலைக்குப் போன வருடங்களில் இவள் இடுப்பில் வளர்ந்தவன். "கணக்கு எடுத்துக் குடுக்கா, நம்பர் விளக்கு போட வைக்கிறேன்" என்றான். இரண்டு மாதம், நூற்று நாற்பது முறை, யார் எத்தனை விநாடியில் கடந்தார்கள் என்று நோட்டில் எழுதினாள். அதைக் கொடுத்த அன்று அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேலியாக ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தாள்.

"நம்பர் மட்டும் வரட்டும், எங்க டெய்லர் ஓட்டப்பந்தயம்னு நெனச்சு ஓடுவாரு பாரு."

தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இவள்தான் தலையில் தட்டினாள்.

எண் விளக்கு வந்தது, இரண்டு தெரு தள்ளிக் கடைவளாகத்தின் முன்னால். வேலை முடிந்ததும் நேராகத் தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவன் தான் எழுதிய அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினான். அதில் இருந்தது இது: சிகிச்சை நிலையச் சாலைக்கு எண் விளக்கு பொருந்தாது. எண்ணைக் கண்டால் முதியவர்கள் ஓட முயல்வார்கள் என்று அவர்களை அழைத்து வரும் பராமரிப்பாளரே தெரிவித்துள்ளார். கீழே அவள் முழுப் பெயர். நோட்டிலிருந்து ஒரு வரிகூட இல்லை.

"பெரிய சாருக்கு அங்கதான் வேணும்னு இருந்துச்சு. இங்க ஏன் வேண்டாம்னு ஒரு காரணம் காட்டணும்ல."

"காரணத்துக்கு என் வாய்தான் கெடச்சுதா?"

"நீ சொன்னதுதானேக்கா. நான் ஒண்ணும் சேக்கலையே."

"சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். நீயும் சிரிச்ச. அதை எங்க எழுதியிருக்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது இவளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ரோட்டில் இறங்கப்போவது டெய்லர்.

"நோட்டைக் குடு."

மேசை டிராயரில்தான் கிடந்தது, அலுவலகத்துக்கே போகவில்லை. வாங்கிக்கொண்டாள். தம்பி மனைவி காபி கொண்டுவந்தாள். "வேண்டாம்மா" என்று செருப்பை மாட்டினாள். அந்த வீட்டில் அவள் ஒரு வாய் காபி குடிக்காமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை, தம்பியின் அலுவலகத்தில் தபால் வாங்கும் ஜன்னல் திறந்ததும் முதல் ஆளாக நின்றாள். மனுவில் மூன்றே வரி. 'ஓடுவார் என்றது கேலி. முப்பத்தொரு விநாடி என்பது கணக்கு. என் பெயருக்கு மேலே உள்ள கேலியை எடுத்துவிட்டுக் கணக்கைச் சேர்க்கவும்.' நோட்டின் நகலையும் பின்னால் இணைத்திருந்தாள்.

"இன்ஜினியர் சாரோட அக்காதானே நீங்க? அவர் கையிலயே குடுத்திருக்கலாமே," என்றார் கிளார்க்.

"அவர் கையில குடுத்தது இங்க வந்து சேரலை. நீங்க முத்திரை குத்துங்க."

முத்திரை விழுந்த நகலை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். டெய்லர் வந்திறங்கினார். பட்டையைக் கட்டினாள், இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்த பச்சையைப் போகவிட்டாள். அடுத்த பச்சை விழுந்த கணத்தில் காலெடுத்து வைக்கச் சொல்லி, இருபத்திரண்டு, இருபத்தொன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடுத்திட்டு வரை நடத்திப்போய் நிறுத்தினாள்.