இருபத்திரண்டு சிரட்டைக் காய்கள்

கல்முனைக் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்தும் ஜவுபரின் வீட்டு விறாந்தையில், 1981ஆம் ஆண்டு ஞாயிறு பின்னேரங்களில் முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாட்டு நடந்தது. நான்கு பேர், இரண்டு கட்சி. ஜவுபரும் வயற்காரர் பக்கீர் முகைதீனும் ஒரு பக்கம். செபரட்ணம் மாஸ்டரும் அவருடைய மைத்துனர் நேசராசாவும் எதிர்ப்பக்கம். அஸர் தொழுகை முடிந்து பாய் விரித்தால் மஃரிப் பாங்கு கேட்கும்வரை ஆட்டம்.

ஜவுபரின் மனைவி சுபைறா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"காசு வெச்சா அது சூது. ஒரு சதம் பாயில விழுந்தாலும் வேற ஊட்டப் பாத்துக்கங்க."

அதனால் புளியங்கொட்டைகளை வைத்துத்தான் விளையாடினார்கள். கட்சிக்குப் பதினொரு கொட்டை. தோற்ற பக்கம் வென்ற பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும், கொட்டை தீர்ந்தவர்கள் தோற்றவர்கள். ஜவுபரின் பக்கம் அந்த ஆண்டு நிறைய வென்றது. பக்கீர் முகைதீன் இடைக்கிடை சீட்டைப் பிழையாகப் போட்டுவிடுவார். அவர்தான் நால்வரில் மூத்தவர், அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுவதால் ஜவுபர் ஒன்றும் சொல்வதில்லை. எப்படியோ ஆட்டம் கைக்கு வந்துவிடும்.

எப்படி வந்தது என்பது ஒரு ஞாயிறு விளங்கியது. எல்லோரும் போன பிறகு கொட்டைகளைத் தகரப் பேணிக்குள் போடும்போது ஜவுபர் எண்ணிப் பார்த்தார். இருபத்தாறு இருந்தன. மிஞ்சிய நாலை எறிந்துவிட்டு மறுகிழமையும் எண்ணினார், இருபத்தைந்து. அதற்கடுத்த கிழமை பாயைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கீர் முகைதீன் வெற்றிலை எடுக்க மடிக்குள் கையை விட்டார். வெளியே வந்த கையிலிருந்து இரண்டு கொட்டைகள் ஜவுபரின் பக்கக் குவியலில் விழுந்தன.

ஜவுபருக்கு உடம்பு கூசியது. களவு செய்தவர் தன்னுடைய கூட்டாளி, வென்றவர் தானும்தான். காசில்லாத ஆட்டத்தில் ஒரு பெரிய மனிதர் ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் யோசித்தார். அதை அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. கைவேலைக்காரரான ஜவுபர் கையால் ஒரு வழி தேடினார்.

கொட்டைகளுக்குப் பதிலாகக் காய்கள் செய்ய, நல்ல தடித்த தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கியெடுத்து, ஒரே அளவில் வட்டமாக வெட்டி, அரத்தால் ராவி, மண்கடதாசியால் தேய்த்தார். இனி ஓடாத கைமணிக்கூடுகளிலிருந்து கழற்றிய சின்னப் பித்தளைச் சக்கரங்களை ஒவ்வொரு காயின் நடுவிலும் குழி தோண்டிப் பதித்து, மேலே வார்னிஷ் பூசினார். அப்படி ஒன்றை ஊரில் வேறு யாரும் செய்ய முடியாது. இருபத்திரண்டு காய் செய்து முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. பிறகு, உடைந்த சுவர் மணிக்கூட்டின் பலகையில் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு பள்ளம், ஒவ்வொன்றிலும் பதினொரு காய் இறுக நிற்கும். ஒன்று குறைந்தால் இடைவெளி தெரியும், ஒன்று கூடினால் மூடி சாத்தாது. கடற்காற்றில் பித்தளை கறுக்காமலிருக்க, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து மூலையில் வைத்தார்.

பெட்டியைத் திறந்து காட்டியபோது நேசராசா ஒவ்வொரு காயையும் கையிலெடுத்துப் பார்த்தார். பக்கீர் முகைதீன் பள்ளங்களை விரலால் மெல்லத் தடவிவிட்டு, "நல்ல வேல" என்று மட்டும் சொன்னார். அன்று ஜவுபரின் பக்கம் தோற்றது. அடுத்த இரண்டு ஞாயிறும் தோற்றது. நான்காவது ஞாயிறு பக்கீர் முகைதீன் வரவில்லை. வயலில் வேலை என்று ஆள் விட்டிருந்தார். அதற்குப் பிறகு ஆளும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து ஜவுபர் கடையைப் பூட்டிவிட்டு, பஸ் மாறி, பக்கீர் முகைதீனின் வயல் இருக்கும் சாகாமத்துக்குப் போனார். அவர் வயலோரத்து வாடிக் குடிசையின் வாசலில் உட்கார்ந்திருந்தார். வரம்பில் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"ஆரு, ஆதம்பாவாவா? தண்ணி போற வக்கடையக் கட்டிட்டியா?"

வயல் வேலையாள் என்று நினைத்துக் கேட்டார். ஜவுபர் பத்தடி தூரத்தில்தான் நின்றார். பகல் பதினொரு மணி வெயில்.

"நான் ஜவுபர், காக்கா."

கிழவரின் முகம் மாறியது. ஜவுபர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கண் எப்ப இருந்து இப்பிடி?"

"போன நோன்போட. வலது கண்ணுல புகை மாதிரி. இப்ப இடதும் தொடங்கிட்டு. சிவப்புச் சீட்டு ரெண்டு சாதியும் எனக்கு ஒண்டுதான்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ வேற ஆளப் பாப்பாய். நான் பிழையாப் போட்ட சீட்டு ஒண்டுக்கும் நீ வாய் தொறக்கல்ல. அது எனக்குப் பெரிய பாரமா இரிந்த. அதுக்குத்தான் கொட்டையப் போட்டன்." மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். "உனக்கு வெளங்கிட்டு. அதாலதான் அந்தப் பொட்டியச் செஞ்சாய்."

"ஓம், காக்கா."

பிறகு ஜவுபர், "நாளைக்கு மட்டக்களப்புக்குப் போவம். பெரியாஸ்பத்திரியில காட்டுவம்" என்றார். கிழவர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் செபரட்ணம் மாஸ்டரிடம் நடந்ததைச் சொல்லி, வென்றதெல்லாம் பொய் வெற்றி என்று மன்னிப்புக் கேட்டார்.

"அது எனக்கு முதலே தெரியும்" என்றார் மாஸ்டர். "உங்கட கொட்டை பெரிசு, அவர் கொண்டாறது சின்னன்."

"தெரிஞ்சும் ஏன் மாஸ்டர் பேசாம இருந்தீங்க?"

"போடக்குள்ள அவர்ர கை நடுங்கினது. அதப் பார்த்த பிறகு என்னெண்டு கேக்கிற?"

ஜவுபர் அன்று இரவு சாப்பிடவில்லை. மாஸ்டர் கண்ட நடுக்கத்தை, நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகியிருக்கும் தான் காணவில்லை. தனக்கு இரண்டு கொட்டைகள்தான் தெரிந்தன. இதைப் பிற்காலத்தில் சுபைறாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாளும் ஜவுபர் கூடவே நின்றார். காயம் ஆறித் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கீர் முகைதீன் திரும்பி வந்த ஞாயிறு, மாஸ்டரின் மனைவி யூஜினி கேக் கொடுத்தனுப்பியிருந்தாள். சுபைறா தேநீர் ஊற்றினாள்.

இப்போது கிழவருக்குச் சீட்டு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ஆட்டம் வரவில்லை. வெட்டுச் சீட்டான துரும்பை அவசரப்பட்டு இறக்கிவிடுவார், கையில் ஒன்றுமில்லாமல் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று பெரிய கேள்வி கேட்பார். பிழைகளுக்கெல்லாம் கண்தான் காரணம் என்று ஜவுபர் நம்பியிருந்தார். அப்படியில்லை. ஆனால் இந்தத் தடவை ஜவுபர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை.

"காக்கா, அத ஏன் இப்ப போட்டீங்க?"

"எனக்கு அதுதான் சரியாப்பட்ட."

"பிழை."

"சரி, பிழை. அடுத்ததப் போடு."

கட்சி மாற்றிப் பார்க்கலாமா என்று நேசராசா ஒருநாள் கேட்டார். ஜவுபர் வேண்டாம் என்றார். அடுத்த இரண்டு வருடமும் அவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள்.