ரத்தான அழைப்புகள்

நெதர்லாந்தின் ரயில்களில் யாரும் பேசக் கூடாத பெட்டி ஒன்று உண்டு. தாம்பரத்திலிருந்து பீச் வரை இரைச்சலில் நின்றே வேலைக்குப் போன எனக்கு, மூன்று ஆண்டுகளாகியும் அந்த அமைதி பழகவில்லை. சென்ற ஜனவரியில் ஒரு காலை அங்கே அமர்ந்திருந்தபோதுதான் ஸ்டெல்லா அழைத்தாள். சேலையூரில், முதியவர்களின் வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் சிறிய நிறுவனத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு செயலி எழுதியிருந்தோம். நான் இங்கே வந்துவிட்டேன்; அவள் அங்கிருந்து பார்த்துக்கொள்கிறாள்.

"அக்கா, ஆப் நின்னுடுச்சு. டிஸ்க் ஃபுல்லாம். பல்லாவரத்துல ஒரு தாத்தா இன்சுலினுக்கு வெயிட் பண்றார், நர்ஸுக்கு அட்ரஸே போகலை."

காரணம் உடனே புரிந்தது. சர்வரில் செயலி ஓடும் தனி உறையான கண்டெய்னர், நடப்பதையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு அளவு வரம்பு வைக்க வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பிய அவசரத்தில் நான் வைக்கவில்லை.

"லாகை டெலீட் பண்ணிடவா?"

"வேணாம். கண்டெய்னர் அதைப் பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும், இடம் திரும்பாது. உள்ள இருக்கறதைக் காலி பண்ணணும். இரு, நானே பண்றேன்."

எதிரிலிருந்த பெரியவர், கண்ணாடியில் எழுதியிருந்த 'ஸ்டில்ட்டெ' என்ற சொல்லைக் காட்டினார். அமைதி என்று பொருள். தலையாட்டிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். அந்தச் செயலியில் அம்மாவும் பதிந்திருந்தாள். அவள் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காலி செய்யுமுன் அவளுடைய எண்ணைத் தேடினேன், ஏனென்று தெரியவில்லை. நர்ஸ் கேட்டு அழைப்பு, உடனே அவளே ரத்து. அழைப்பு, ரத்து. கடைசி வாரத்தில் மட்டும் பதினொரு முறை. "நல்லா இருக்கேம்மா, நீ சாப்ட்டியா?" என்று என்னிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமையும் அதில் இருந்தது. ரத்தான அழைப்பு யார் திரையிலும் தெரிய வேண்டாம் என்று முடிவுசெய்தவள் நான்தான்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? தாத்தாவோட பொண்ணு மறுபடி கூப்பிடறாங்க."

அழுகை வரவில்லை. அந்த வரிகளை எடுத்து வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. காலி செய்தேன்.

"வந்துடுச்சு அக்கா! நர்ஸ் கிளம்பிட்டாங்க."

வரம்பு வைத்து, கண்டெய்னரைப் புதிதாக ஓடவிட்டேன். இனி பழைய வரிகள் தானாக அழியும். "ரத்தான காலும் ஆபீஸ் ஸ்கிரீன்ல வரணும் ஸ்டெல்லா. யாராவது திருப்பிக் கூப்பிட்டுக் கேக்கணும்" என்றேன். அன்று மாலைக்குள் அவள் மாற்றிவிட்டாள்.

இறங்கும்போது பெரியவர், "நல்ல செய்தியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இடம் கிடைத்துவிட்டது என்றேன். எனக்கு வீடு கிடைத்துவிட்டதாக எண்ணிக் கைகுலுக்கி வாழ்த்தினார். நான் திருத்தவில்லை.

அம்மாவின் கடைசி அழைப்புக்கு லாக் ஒன்பது நாற்பது என்று எழுதியிருந்தது. அது எந்த ஊருக்கும் சேராமல் சர்வர் வைத்துக்கொள்ளும் உலகப் பொது நேரம். சேலையூரில் அப்போது பிற்பகல் மூன்று பத்து. இங்கே காலை பத்து நாற்பது. பிளாட்பாரத்தில் நின்று இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒன்பது நாற்பதில் அவளும் இல்லை, நானும் இல்லை.