ஹாரன் அடிச்சா ஓடுற கடை

எங்க மச்சான், அதான் என் வீட்டுக்காரரு, செய்கு அலாவுதீனுக்கு அரபு நாட்டுல, ஃபஹாஹீல்ல பக்காலா. மளிகைக்கடைதான், அங்க அப்படிச் சொல்லுவாங்க. கல்யாணமாகி இத்தன வருஷத்துல அந்த மனுஷனோட ஒரே சகன்ல, பெரிய தட்டுல, கை போட்டு நிம்மதியா நான் சோறு தின்னதில்ல. லீவுல ஊருக்கு வந்தா விருந்துக்கு ஓடவே நாள் சரியாப் போயிடும். ரெண்டாயிரத்தி ஆறுல மூணு மாச விசிட் விசா எடுத்து என்னைக் கூப்பிட்டாக. இந்தத் தடவை தின்னே தீருறதுன்னு போனேன்.

போன அன்னிக்கே வெளங்கிப்போச்சு. சோறும் மீனாணமும் ஆக்கி, கடைக்குப் பின்னாடி ரூம்ல சகனை வச்சு உக்காந்தோம். முதல் கவளம் வாய்க்குப் போகல, வாசல்ல பாம் பாம்னு ஹாரன். மச்சான் கைய உதறிட்டு ஓடுறாக.

"என்ன மச்சான், யாருக்காச்சும் அவசரமா?"

"பெப்சி கேக்குறான்."

யா அல்லா! கடைக்கும் காருக்கும் நாலு எட்டு. எவனும் இறங்க மாட்டான். மச்சான் ஓடிப்போய்க் கேட்டு, ஓடிவந்து எடுத்து, ஓடிப்போய்க் கொடுத்து, சில்லறைக்கு இன்னொரு ஓட்டம். வியாழக்கிழமை சாயங்காலம்னா வாலிபப் பசங்க வேற. நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு, கடற்கரை ரோட்டுல டயர் புகைய வண்டியச் சுத்திட்டு அதே வேகத்துல நம்ம வாசல்ல வந்து பிரேக் அடிப்பானுவ. ஒருத்தன் வண்டி மச்சான் பேண்டை உரசிக்கிட்டு நின்னுச்சு. "யல்லா, ஜூஸ்"னு வெரட்டுறான். பாவி, கால ஒடிச்சிருப்பியேடான்னு தமிழ்லயே ஏசினேன். சிரிக்கிறான்.

மச்சானுக்கு முட்டி ஏற்கனவே தேஞ்சு கெடக்கு. இப்படியே ஓடுனா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு.

"நீங்க போகாதிய. வேணும்னா அவனுவ இறங்கி வரட்டும்"னேன்.

"நான் போகலைன்னா அடுத்த கடையில போய் ஹாரன் அடிப்பான் அஸ்மத்து. அதோட கலாஸ்."

சரிதான் போன்னு புர்காவ மாட்டிக்கிட்டு நானே இறங்கிட்டேன். "உக்காந்து சாப்பிடுங்க, நான் பாத்துக்கிறேன்." பாஷை தெரியாது. விரல நீட்டுவான், எடுத்துட்டு ஓடுவேன். வெயில் மண்டையப் பொளக்கும். வண்டிக்குள்ள ஏசி காத்து, சீட்டு முழுக்க ஒரே ஆளு, பக்கத்துல சர்க்கரை மாத்திரை டப்பா, கைய மட்டும் வெளிய நீட்டுவான். மச்சான் வயிறார சாப்பிட்டாக. எனக்கு சந்தோஷந்தான். ஆனா தனியாத்தான் சாப்பிட்டாக. ஆறிப்போன மிச்சத்த நான் அப்புறம் தின்னேன்.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு மத்தியானம் மச்சான் ஷட்டர முழுசா இறக்கிட்டாக. கடை தொறந்ததுலேருந்து அப்படிச் செஞ்சதே இல்லையாம்.

"இன்னிக்கு எவன் வந்தாலும் மாஃபி, ஒண்ணும் கிடையாது."

எதிரும் புதிருமா உக்காந்தோம். கவளத்த உருட்டி அவுகளே என் வாயில வச்சாக.

வெளிய ஹாரன். மச்சான் அசையல. முட்டியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே இருந்தாக. மறுபடியும் ஹாரன்.

"உக்காரு அஸ்மத்து"ன்னாக.

பாத்தா, நான் எச்சிக் கையோட ஷட்டரப் பாதி தூக்கியிருக்கேன்.