பத்திரிகைக் கட்டின் மேல் நான் உட்கார்ந்த நாள்

பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று மொத்த பூனாவும் ஸ்பூனும் டம்ளருமாகக் கோயில் வாசலில் நின்ற வருஷம். அடுத்த மாதமே, தீபாவளிச் சமயத்தில், சூரிய கிரகணம் வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது இது...

காலையில் ஆபீஸைத் திறந்ததும் மை வாசனை அடித்தது. அச்சகத்திலிருந்து கட்டு வந்திருந்தது. பூனா பக்கம் ஆகுர்டியில் இருந்த எங்கள் கம்பெனியின் மாதப் பத்திரிகை. நியூஸ்லெட்டர் என்பார்கள். நாலு பக்கம். பாதி இங்கிலீஷ், பாதி மராட்டி. நான் பியூன். ஷிப்ட் மாறும்போது கேட்டில் நின்று ஆளுக்கொன்று கொடுப்பது என் வேலை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியாத காகிதத்தை என் கையால் எவனுக்கும் கொடுத்ததில்லை. டைப்பிஸ்ட் ஸ்டெல்லா படித்துக் காட்டுவாள். கன்டோன்மென்ட் பக்கம் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஒரு தடவை கேட்டால் போதும், எனக்கு மறக்காது.

வாங்குகிறவர்கள் படித்தார்களா? எங்கே... சேர்மன் மாலையோடு நிற்கும் படத்தில் வடா பாவ் வைத்து மடித்துக்கொண்டு போவார்கள்.

அன்றைக்கும் ஸ்டெல்லா படித்தாள்.

"நூறு நாளா கம்பெனியில ஒரு விபத்தும் இல்லையாம் அண்ணே. எல்லாருக்கும் பேடா ஸ்வீட் குடுக்கறாங்களாம்."

எதிர் ஜன்னலில் முதலுதவி அறை தெரிந்தது. உள்ளே நாற்காலியில் மெஷின்காரன் தத்து உட்கார்ந்திருந்தான், கையில் பெரிய கட்டோடு. பத்து நாள் முன்பு, தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் வலது கையில் இரண்டு விரல் போனவன். கையை உள்ளே விடாமல் தடுக்கும் கம்பி வலையை, வேலை வேகம் குறைகிறது என்று கழற்றிப் போட்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்தே கம்பெனி ஜீப் அவன் வீட்டுக்குப் போகும். அழைத்து வந்து, கார்டு பஞ்ச் செய்து, அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள். லீவு போட்டால்தான் கணக்கில் விபத்து. ஆள்தான் வேலைக்கு வந்துவிட்டானே... அப்புறம் எங்கே விபத்து?

வலை இன்னும் தரையில்தான் கிடந்தது. அதே மெஷினில் இப்போது பாலு நின்றான். கல்யாணமாகி மூன்றே மாதம். விபத்தே இல்லை என்று அச்சில் வந்துவிட்டால் அந்த வலையை எவன் மாட்டுவான்?

"நீயாம்மா இதை எழுதின?"

"குடுத்ததை டைப் பண்ணேன் அண்ணே. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" அவள் தலை நிமிரவில்லை.

பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டில் வைத்தேன்.

அதன் மேல் உட்கார்ந்தேன்.

ஷிப்ட் விட்டது. வெளியே வந்தவன், உள்ளே போகிறவன் எல்லாம் சுற்றி நின்றார்கள். "காய் ஜாலா காகா, என்ன ஆச்சு? அடைகாக்கறியா?" என்று ஒருவன் சிரித்தான்.

பர்சனல் மேனேஜர் ஓடி வந்தார். இந்தியில் கத்தினார்.

"எழுந்திரு ஆறுமுகம்! படிக்கவே தெரியாத உனக்கு இதுல என்ன இருக்குன்னு என்ன தெரியும்?"

"சொல்லட்டுமா சாப்?"

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சொன்னேன். சேர்மன் பேச்சு, கிரிக்கெட் மேட்ச், ரிட்டயர் ஆனவர் பெயர்... ஒன்று விடவில்லை. பிறகு, அதில் இல்லாததையும் சொன்னேன். பண்டரிபுரம் போகும் பால்கி ஊர்வலம் பார்த்துத் திரும்பிய வாரம் வெல்டிங்கில் யார் கண்ணில் தெறித்தது, கணபதி கரைத்த மறுநாள் யார் காலில் வண்டி ஏறியது...

"அது நான்தான்!" கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொரு கை.

"வேலை போயிடும், தெரியுமா?"

"போகட்டும் சாப். பாலு விரல் போகக் கூடாது. முதல்ல வலையை மாட்டுங்க. பேடா அப்புறம் தின்னலாம்."

உள்ளே போக வேண்டிய ஷிப்ட் போகவில்லை. அரை மணி நேரம்... ஒருவன்கூட நகரவில்லை.

அப்போதுதான் ஸ்டெல்லா இறங்கி வந்தாள். யாரும் சொல்லாமல் அவளே டைப் செய்த அரைத் தாள் கையில். தத்துவின் பெயர். மெஷின் நம்பர். வலை இல்லை என்ற விஷயம். மேனேஜர் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"ஒட்டித் தொலைங்க."

சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்து, கேன்டீனில் மைதாப் பசை காய்ச்சி, அந்த நூறு நாள் செய்தியின் மேலேயே ஒட்டினோம். அதற்குள் ஃபிட்டர் போய் வலையை மாட்டிவிட்டான். அன்று ஒருவனும் அதில் வடா பாவ் மடிக்கவில்லை.

எனக்குச் சார்ஜ் ஷீட் வந்தது. கைநாட்டு வை என்றார்கள். "முதல்ல படிச்சுக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றேன். எட்டு நாள் சஸ்பெண்ட். ஒன்பதாம் நாள் அதே கேட்டில் போய் நின்றேன். அதன்பின் மாதாமாதம் அடிபட்டவர்கள் பெயர் ஒரு மூலையில் வந்தது. எல்லோரும் முதலில் பிரித்தது அந்த மூலையைத்தான்.

இப்போது மருமகளுக்கு விமான் நகரில் ஐடி வேலை. அவளுக்கும் நியூஸ்லெட்டர் வருகிறது, போனிலேயே. கலர் கலராகச் சிரித்த முகங்கள். "என்னம்மா போட்டிருக்கு?" என்றால், "நான் திறக்கறதே இல்ல மாமா" என்கிறாள். எல்லோரையும் எப்படிப் படிக்க வைப்பது என்று மீட்டிங் வேறு போடுகிறார்களாம். என்னைக் கூப்பிடட்டும். அடிபட்டவன் பெயரைப் போடு என்பேன். அவ்வளவுதான், மீட்டிங் முடிந்தது.

மேனேஜர் போய்விட்டார். தத்து போய்ப் பன்னிரண்டு வருஷம். ஸ்டெல்லாவைப் போன வருஷம் அடக்கம் செய்தோம். அன்று கேட்டில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்து இன்னும் ஒருவன்தான் இருக்கிறான். ஆகுர்டியிலேயே, பத்து விரலோடு...

பாலு.