பூட்டு ராவும் அரம்

பழைய பைக்கின் எஞ்சினைப் பிரித்துப் பேரன் அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். அந்த ஓசையில் எனக்குப் பெரியப்பாவின் முகம் வந்து நின்றது.

அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் பூட்டு வேலை. ஒருநாள் நத்தம் சாலையில் பெரியப்பா புது மோட்டார் சைக்கிளில் எங்கள் பழைய வண்டியை முந்தி, அம்மாவின் புதுச்சேலையில் புழுதியை வாரி இறைத்துவிட்டு, "ஏலே, இத எடைக்குப் போட்டுட்டு நடந்து வா!" என்று சிரித்தார்.

அன்றே அப்பா வேகம் கூட்ட எங்கள் வண்டியின் எஞ்சினைப் பிரித்தார். சாவித் துவாரம் ராவும் அரத்தால் பெட்ரோல் நுழையும் வழியை அகலமாக்கினார். சிலிண்டர் ஹெட்டைக் கல்லில் தேய்த்தார்.

"எஞ்சின் தாங்குமா?" என்றாள் அம்மா.

"ஒருநா தாங்குனாப் போதும்."

தாங்கியது. அதே சாலையில் நாங்கள் முந்தியதில் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டை செம்மண்ணானது. எங்கள் வாசலுக்கு வந்ததும் எஞ்சின் உயிரை விட்டது. அப்பா அதைச் சரிசெய்யவே இல்லை. பெரியப்பா வரும்போதெல்லாம் பார்க்கட்டும் என்று வாசலிலேயே நிறுத்திவைத்தார்.

பேரனருகில் உட்கார்ந்தேன்.

"எவன முந்தணும், அப்பு?"