சிவப்புப் பொட்டு வைத்த தோட்டாக்கள்

வாய் திறந்து காலியாக எது கையில் கிடைத்தாலும் ஆர்லிஸ் அதைக் கீழுதட்டில் சாய்த்து வைத்து ஊதிப் பார்ப்பார். பேனா மூடி, மிளகுக் குப்பி, மாத்திரைப் புட்டி. அவர் சமைக்கும் பள்ளிக்கூட அடுக்களையில் வனிலா பாட்டில் தீரும் நாளில் ஒரு நீண்ட தாழ்ந்த ஓசை கேட்கும். அன்று பிள்ளைகளுக்கு லவங்கப்பட்டை ரொட்டிச் சுருள் என்று அர்த்தம். ஆனால் முழுச் சடங்கும் நடப்பது சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குத்தான். குனிந்து எடுப்பார். மண்ணைத் தட்டுவார். அடிப்பாகத்தைத் திருப்பி ஒரு பார்வை. அப்புறம் ஊதுவார். விசில் வந்தால் சட்டைப் பை. வெறும் காற்று வந்தால் கூட்டின் கழுத்தில் விரிசல், குப்பை வாளி.

"பாடாதவனுக்கு என் பெஞ்சுல இடமில்ல" என்பார்.

அவர் தோட்டா செய்யும் அந்தப் பெஞ்சு இருப்பது அவர்கள் வீட்டுக் கார் கொட்டகையில். அதை ஒட்டிய அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். ஊர்க்கோடித் தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவது என் வேலை. மற்ற நேரம் படிப்பேன். ஆர்லிஸின் கணவர் டுவேன் ஒரு முறை என் கவிதைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, பாதிப் பக்கம் காலியா இருக்கே, பாதிக் காசு திருப்பித் தருவாங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் நான் கவிஞர்.

டுவேன் மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். நல்ல உயரம், நல்ல குரல். அவர் மெதுவாகச் சொல்வது அடுத்த தெருவுக்கு மட்டும் கேட்கும்.

பெஞ்சு வந்தது ஒரு மானால்தான். ஒரு இலையுதிர் காலத்தில் ஆர்லிஸ் சுட்ட ஆண் மான் விழவில்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிப் போனது. இருட்டும் வரை தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள். புல்லில் கொஞ்சம் ரத்தம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க டுவேன் கொண்டுவந்த மான் இறைச்சியை ஆர்லிஸ் தொடவில்லை. கடையில் வாங்கிய மாட்டிறைச்சியைத் தனியாக வறுத்துக்கொண்டார்.

"காத்து தள்ளிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் டுவேன்.

"காத்து இல்ல. கண்ண மூடிட்டுச் சுட்டேன். துப்பாக்கி தோள்ல உதைக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் கண்ணு தானா மூடிக்குது. ரெண்டு வருஷமாவே அப்படித்தான்."

"அப்ப சின்னத் துப்பாக்கி ஒண்ணு வாங்கிக்கோ."

"துப்பாக்கி எனக்குப் புடிச்சிருக்கு. உதைதான் புடிக்கல. இத கேளு டுவேன். அடுத்த வேட்டை சீசன் தொடங்கறதுக்குள்ள கண்ணத் திறந்து சுட வரலேன்னா, துப்பாக்கிய பிரிட்டாகிட்ட குடுத்துட்டு நான் அடுப்போட நின்னுக்கறேன். இன்னொரு மான நொண்ட வைக்க மாட்டேன்."

பிரிட்டா அவருடைய தங்கை மகள். ஆர்லிஸ் பேச்சுக்காக எதையும் சொல்கிறவர் இல்லை. டுவேன் அன்று ஒரு கிண்டலும் செய்யாமல் தட்டைக் கழுவினார்.

தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தைக் குறைத்தால் உதை குறையும். மருந்தைக் குறைக்க வேண்டுமானால் தோட்டாவை நாமே செய்ய வேண்டும். லூத்தரன் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் ஒரு வாஃபிள் சட்டிக்கு அடியில் தோட்டா செய்யும் கைப்பொறி கிடைத்தது. கூடவே ஒரு தராசு. அளவுப் புத்தகத்தை மட்டும் புதிதாக வாங்கினார். எந்தக் குண்டுக்கு எந்த மருந்து, எவ்வளவுக்குக் குறையக் கூடாது, எவ்வளவுக்கு மீறக் கூடாது என்று அதில் இருந்தது. சமையல் குறிப்பில் கை வைக்கும் ஆர்லிஸ் அதில் மட்டும் ஒரு எழுத்தை மீறவில்லை.

அப்படியும் முதல் கூடே அச்சில் சிக்கிக்கொண்டது. பழைய கூட்டை அளவுக்குக் கொண்டுவர அச்சுக்குள் அழுத்தும் முன் வெளியே மெழுகு பூச வேண்டும். பூச மறந்துவிட்டார். பொறியின் கைப்பிடியில் தொங்கிப் பார்த்தார். டுவேன் வந்து தொங்கினார். என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் தொங்கியும் அது அசையவில்லை.

"என்ன கவிஞரே, உன் எடை சேந்தும் இவ்வளவுதானா?" என்றார் டுவேன், மூச்சு வாங்கிக்கொண்டு.

மறுநாள் இரும்புக்கடையில் ஆர்லிஸ் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர் அவர் கையிலிருந்த அச்சைப் பார்த்தார். குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு திருகுக் கருவியை எடுத்து வைத்தார். இதற்கென்றே இரவல் தர வைத்திருக்கிறாராம். "மெழுகு மறந்தீங்களா? வாழ்த்துகள். இப்பதான் நீங்க ஆரம்பிச்சிருக்கீங்க."

அதன்பின் ஆர்லிஸ் மெழுகை மறக்கவில்லை. அடுத்த சிக்கல் டுவேனால் வந்தது. மருந்து மாறினால் துப்பாக்கியே வெடிக்கலாம், அதனால் பெஞ்சின் மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் கட்டளை. ஒரு ஞாயிறு மதியம் தொலைபேசி மணி அடித்து ஆர்லிஸ் வீட்டுக்குள் போயிருந்தார். டுவேன் ஒத்தாசை செய்கிற நினைப்பில் அலமாரியில் இருந்த வேறு வகை மருந்து டப்பாவைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்த ஆர்லிஸ் இரண்டு டப்பாவையும் பார்த்தார், அளக்கும் குப்பியில் பாதி நிறைந்திருந்த மருந்தைப் பார்த்தார், குப்பியைத் தூக்கிக்கொண்டு நேரே ரோஜாப் பாத்திக்குப் போய்க் கவிழ்த்தார்.

"அடியே! நல்ல மருந்த ரோஜாவுக்குப் போடறியே!"

"இது எந்த டப்பாவுலேர்ந்து வந்தது, சொல்லு."

"நான் வச்சதுலேர்ந்து இல்ல. நான் தொறக்கவே இல்லையே."

"தொறக்கலேன்னு நிச்சயமா? சத்தியம் பண்ணுவியா?"

டுவேன் யோசித்தார். யோசித்ததுதான் தவறு.

"சூப்புல உப்புப் போட்டேனான்னு சந்தேகம் வந்தா நாக்குல வச்சுப் பாக்கலாம்" என்றார் ஆர்லிஸ். "இத எங்க வச்சுப் பாக்கறது? என் மூஞ்சிக்குப் பக்கத்துலயா?"

அந்தக் கோடையில் ரோஜா நன்றாகப் பூத்தது. டுவேன் வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "கிட்டப் போகாதீங்க, வெடிக்கும்" என்றார்.

உதை குறைந்த மென்மையான தோட்டாக்கள் தயாராயின. இருவர் துப்பாக்கிக்கும் தோட்டா ஒரே அளவு. டுவேனுடைய கடைத் தோட்டாக்களோடு கலந்துவிடக் கூடாது என்று ஆர்லிஸ் தன்னுடையவற்றின் அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

"நகத்துக்குச் சாயமெல்லாம் பூசிக்கிட்டு எங்க கெளம்புது? டான்ஸுக்கா?" என்றார் டுவேன். "இந்தப் பூனைக்குட்டிய வச்சு மான சுட்டா, மான் திரும்பி நின்னு யாருடா கூப்பிட்டதுன்னு கேக்கும்."

"வாய மூடு டுவேன். புத்தகத்துல இருக்கற தூரத்துக்கு இது போதும். அதுக்கு மேல நான் சுடவும் மாட்டேன்."

சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே கைவிட்ட ஜல்லிக் குழிக்குப் போவோம். கண் மூடுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆர்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டுவேன் துப்பாக்கியில் ஒன்றைப் போட்டு மூடித் தருவார். அது நிஜத் தோட்டாவா வெற்றுக் கூடா என்று சுடுகிறவருக்குத் தெரியாது. வெற்றுக் கூடாக இருந்தால் விசையை இழுக்கும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். வராத உதைக்குப் பயந்து குழல் முனை குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முனையைப் பார்க்க வேண்டியது நான். "நீதான் பேசாம பாக்கறவன்" என்றார் ஆர்லிஸ்.

முதல் நாள் குழல் கோழி கொத்துவதுபோல் மண்ணைப் பார்த்துக் குனிந்தது. டுவேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆர்லிஸும் சிரித்தார், பிறகு இன்னொன்று போடச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோடை போகப் போகக் குனிவு குறைந்தது. ஒரு சனிக்கிழமை நன்றாக இருக்கும், அடுத்த சனிக்கிழமை மறுபடி கொத்தும்.

இடையில் ஒரு புதிர். செய்து வைக்கும் தோட்டாக்கள் நினைத்ததைவிட வேகமாகத் தீர்ந்தன. "போன வாரம் பெட்டி ரொம்பி இருந்துச்சே" என்பார் ஆர்லிஸ். அப்போதெல்லாம் டுவேன் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஆராய்வார்.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை பிரிட்டா வந்துவிட்டாள். கையில் காலித் துப்பாக்கி உறை. ஆர்லிஸ்தான் வரச் சொல்லியிருந்தார். இன்று குனிந்தால் இன்றே கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. குழியில் யாரும் கிண்டல் செய்யவில்லை. டுவேன் தன் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, கொஞ்சம் தடவி, ஒன்றை எடுத்துப் போட்டு மூடினார்.

டிக். முனை அசையவில்லை.

அடுத்தது வெடித்தது. காகிதத்தின் நடுவில் துளை. அடுத்ததும் வெடித்தது. மறுபடி டிக். நான் முனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு தந்திக் கம்பம் தெரிந்தது. கம்பத்தின் உச்சியும் முனையும் ஒட்டிக்கொண்டவைபோல் அப்படியே நின்றன. பை காலியாகும் வரை அப்படித்தான்.

"கவிஞரே?" என்றார் ஆர்லிஸ், திரும்பாமல்.

"குனியல" என்றேன்.

பிரிட்டா காலி உறையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "பெரியம்மா, இதுக்காகவா அவ்வளவு தூரம் வண்டி ஓட்ட வச்சீங்க?" என்று சொல்லி அவரைக் கட்டிக்கொண்டாள். ஆர்லிஸ் வழக்கம்போல் கூடுகளைப் பொறுக்கினார். மண்ணைத் தட்டினார், அடிப்பாகத்தைத் திருப்பினார், ஊதினார். எல்லாம் பாடின. கடைசிக் கூட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது.

"இன்னிக்குக் கொஞ்சம் பலமா இருந்துச்சு, இல்ல?" என்றார்.

"காத்தா? ஆமா, மேக்கால காத்து" என்றார் டுவேன் அவசரமாக.

சீசனின் முதல் காலையில் ஆர்லிஸ் ஒரே தோட்டாவில் ஒரு பெண் மானை விழவைத்தார். அது நின்ற இடத்திலேயே மடிந்தது. மாலையில் அதன் இதயத்தை வெங்காயத்தோடு வதக்கி எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார். "கண்ணு தொறந்திருந்துச்சு. அதோட முதுகுல பனித்துளி இருந்ததுகூடத் தெரிஞ்சுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது தெரிஞ்சா இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். பிறகு சாப்பிட்டார்.

பனிக்காலத்தில் என் கார் ஓடையோரம் புதைந்துவிட, டுவேன் பனிவண்டியோடு வந்து இழுத்துவிட்டார். சூடு பிடிக்க அவர் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். வலது தோளைப் பிசைந்துகொண்டே, "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அந்தக் குரலை எந்தத் தெருவுக்கும் கேட்காதபடி அவர் வைத்திருந்தார். கோடை முழுக்க சிவப்புப் பொட்டுகளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சுட்டவர் அவர்தான். பனி தள்ளும் கத்தியின் நெம்புகோலோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய தோளுக்கு இப்போது கடைத் தோட்டா ஆகவில்லை. "கடைசி சனிக்கிழமை கையவிட்டுப் பாக்கறேன், பையில அவ தோட்டா ஒண்ணுகூட இல்ல. எல்லாம் உதைக்கற என் கடைக் கழுதைங்க. வேற வழியில்லாம அதையே போட்டேன். அவ அசையக்கூட இல்ல! அவளுக்கு இனிமே அந்தப் பூனைக்குட்டி வேண்டாம், கவிஞரே. தெரிஞ்சா செய்யறத நிறுத்திடுவா. அப்புறம் என் கதி?"

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எளிது.

பனி உருகிய ஒரு மதியம் கொட்டகைக் கதவு திறந்திருந்தது. ஆர்லிஸ் பெஞ்சு நிறையத் தோட்டாக்களைத் தலைகீழாக நிறுத்தி நகப்பூச்சு வைத்துக்கொண்டிருந்தார். ரோஜாத் தோட்டம்போல் இருந்தது.

"இன்னும் உதை கம்மியாவே செய்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தூரிகையை நிறுத்தவில்லை.

"எனக்கு எதுக்கு? அன்னிக்குக் குழியில பொறுக்குனதுல ஒண்ணுலயும் பொட்டு இல்ல. சீசனுக்கு நான் எடுத்துட்டுப் போனது டுவேன் டப்பாவுலேர்ந்து. அந்த மான் விழுந்தது கடைத் தோட்டாவுல." தூரிகையைப் புட்டியில் தோய்த்தார். "அவன்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா திருடறத நிறுத்திடுவான்."